கேம் நடுவில் திரை கருத்துப்போனால்: கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன் குமரி வீடுகளில் பார்க்க வேண்டியவை

போன ஆடி மாதம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, கேம் ஓடிட்டு இருக்கும்போதே ஸ்கிரீன் கருப்பாயிருது. கடையில காட்டினேன், கார்டு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க." வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். கேம் படத்தைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டு அது, இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் அவன் வாங்கியது. "சனிக்கிழமை வாறேன் மக்கா, அதுவரை ஒண்ணும் வாங்காத" என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை மாலை அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காதில் ஹெட்செட்டோடு அவன் ஆடிக்கொண்டிருந்தான். ஆறு மணி தாண்டியதும் அக்கா பின்பக்கம் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டாள். டியூப் லைட் ஒரு கணம் மங்கியது. மேசைக்கு அடியில் யுபிஎஸ் 'டக்' என்றது, நீளமாக ஒரு பீப் அடித்தது, எல்லாம் அணைந்தது. ஹெட்செட் மாட்டியிருந்ததால் அந்தச் சத்தத்தை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கடையில் அந்த மெஷின் ஒருமுறைகூட அணையவில்லையாம். அப்படியும் கார்டுதான் என்று ஊகித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கார்டு இன்றும் நன்றாக ஓடுகிறது. புதிதாக கேமிங் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், குறிப்பாக வீட்டுப் பணத்தில் வாங்கிய பிள்ளைகள், திரை கருத்ததும் கார்டை மாற்ற ஓடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் கார்டைச் சந்தேகப்படும் முன் கரண்டையும் கடல் காற்றையும் பார்த்துவிட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் திரை எந்த வகையில் கருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதல் 10 வினாடி

திரை கருத்தவுடன் கை நேராகப் பவர் பட்டனுக்குப் போகும். பொறுங்கள். முதலில் காதைக் கொடுங்கள். கேம் சத்தம் தொடர்ந்து வருகிறதா, ஒரே சத்தம் திக்கித் திக்கி நிற்கிறதா, ஒன்றுமே இல்லையா? கூட விளையாடும் நண்பருக்கு உங்கள் குரல் கேட்கிறதா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. மானிட்டர் விளக்கு எரிகிறதா, 'நோ சிக்னல்' என்று காட்டுகிறதா? கேபினெட் ஃபேன்கள் சுற்றுகின்றனவா, அல்லது கார்டின் ஃபேன் மட்டும் திடீரென்று இரைகிறதா?

அப்புறம் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) எழுத்தைத் தட்டுங்கள். இது கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். படம் திரும்பி வந்தால் கார்டு சாகவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. பிறகு வாரண்டிக்குப் போனால் அதுதான் சாட்சி. ஒரு நோட்டில் நேரம், எந்த கேம், தொடங்கி எத்தனை நிமிடம், அப்போது வீட்டில் மோட்டார், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ஏதாவது ஓடியதா, வெளியே மழையா என்று எழுதுங்கள். மூன்று நான்கு முறை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

நான் பார்த்த வரையில் கருப்பு நான்கு வகை. ஓரிரு வினாடி கருத்துத் தானாகத் திரும்புவது ஒன்று. படம் போய்விடும், சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அது இரண்டாவது. படம் போய், எல்லாம் உறைந்து, கார்டு ஃபேன் முழு வேகத்தில் இரைவது மூன்றாவது. மெஷினே அணைந்துபோவது அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆவது நான்காவது. முதல் இரண்டுக்கும் கேபிள், டிரைவர் பக்கமிருந்து தொடங்குங்கள். பின் இரண்டுக்கும் கரண்ட், எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை மாற்றிக் கம்ப்யூட்டர் பாகங்களுக்குத் தரும் பெட்டி), சூடு.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பது

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடித் திறங்கள். நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருக்கும். அன்றைய குறியைத் தொட்டால் 'லைவ் கெர்னல் ஈவென்ட்' என்று வந்து, 141 அல்லது 117 என்ற எண் இருந்தால் கிராபிக்ஸ் பக்கம் தடுக்கியிருக்கிறது. கார்டு பதில் சொல்ல விண்டோஸ் 2 வினாடி காத்திருக்கும். வராவிட்டால் டிரைவரைத் தானே உலுக்கி எழுப்பப் பார்க்கும். அதன் பதிவுதான் இது.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 'டிஸ்ப்ளே 4101' இருந்தால், டிரைவர் நின்று மீண்டது என்று பொருள். 'கெர்னல் பவர் 41' என்பதைப் பார்த்துப் பலர் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த 41 வேறெதையும் சொல்வதில்லை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அந்தப் பதிவு வரும்.

கேபிளும் டிரைவரும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மானிட்டர் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். அது கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்ப்ளே போர்ட்டில் இருந்தால் ஒரு நாள் எச்டிஎம்ஐயில் ஓட்டிப் பாருங்கள். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் 60க்குக் குறைத்து, மானிட்டர் வேகத்தைக் கார்டோடு இணைக்கும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்கை அணைத்துப் பாருங்கள். ஓரிரு வினாடி மட்டும் கருத்துத் திரும்பும் தொல்லை பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

டிரைவருக்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. புதிய டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் போய்ப் பழையதைச் சுத்தமாக அகற்றுங்கள். துண்டிக்காவிட்டால் விண்டோஸ் இடையில் புகுந்து தனக்குப் பிடித்த டிரைவரைப் போட்டுவிடும். டிரைவர் புதுப்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், சில மாதம் முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். கார்டையோ ராமையோ (மெமரி) ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது குறித்த வேகத்தைவிடக் கூட்டியிருந்தால், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்றிருப்பதும் ராமின் ஓவர்கிளாக்தான், அதையும் அணைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஒரு நாளில் ஒரு மாற்றம். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கரண்ட்

இங்கேதான் நம் ஊர் வீடுகளில் பாதிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் அது நன்றாக இறங்கும். கிணற்று மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணம் அது வழக்கமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். லைட் மங்குவது அதனால்தான். பிளக்கில் செருகினால் வோல்டேஜைக் காட்டும் சிறிய மீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எண் தெரிந்தால் அதுவே போதும். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் சுவர் சாக்கெட்டில் அதை விட வேண்டாம்.

அடுத்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள். சிலவற்றில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 200–240 மட்டும். இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு மாலையில் 185 வோல்ட் வரும் வீட்டில் கேம் ஆடினால், அது அணைவதில் ஆச்சரியமில்லை.

இனி யுபிஎஸ். கம்ப்யூட்டரோடு சேர்த்துத் தரும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கேம் ஆடும்போது உங்கள் மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு கணக்குப் போடுங்கள். கார்டு 200, புராசசர் 120, மதர்போர்டும் ஃபேனும் டிஸ்க்கும் 60, மானிட்டர் 30. மொத்தம் 410. வீட்டுக் கரண்ட் சரியாக இருக்கும்வரை யுபிஎஸ் அதை அப்படியே கடத்திவிடும். மோட்டார் போட்ட கணத்தில் பேட்டரிக்கு மாறியதும் சுமை தாங்காமல் மொத்தத்தையும் துண்டிக்கும். டெஸ்க்டாப்பில் பாட்டுக் கேட்கும்போது இது நடக்காது, கேமில் மட்டும் நடக்கும். அக்கா மகன் வீட்டில் நடந்தது இதுவேதான்.

சோதிப்பது எளிது. யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நல்ல சாக்கெட்டில் நேராகச் செருகி இரண்டு நாள் ஆடுங்கள். மோட்டார் போட்டும் அணையவில்லை என்றால் குற்றவாளி யுபிஎஸ்தான். மாற்றும்போது மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாகத் தாங்கும், சுவர்க் கரண்டைப் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் யுபிஎஸ் பாருங்கள். சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் மலிவு யுபிஎஸ் தரும் கட்டை அலையைச் சகிக்காமல் அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால், அதில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் போடுங்கள், பேட்டரிக்குச் சீக்கிரம் மாறும். மூன்று ஃபேஸ் வரும் வீடாக இருந்தால் மோட்டாரையும் கம்ப்யூட்டர் அறையையும் வேறு வேறு ஃபேஸில் பிரித்துத் தர முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அக்கா வீட்டில் அதையும் செய்தோம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். ஆடி முடித்ததும் பிளக் சூடாக இருந்தால் உள்ளே பிடிமானம் தளர்ந்திருக்கிறது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை. இதை ஒத்திப்போடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்த பிறகு கேம் ஆடலாம்.

எஸ்எம்பிஎஸ்

வெளியில் கரண்ட் சரி, அப்படியும் மூன்றாவது நான்காவது வகைக் கருப்பு வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ். கார்டின் பெட்டியில் 200 வாட் என்று போட்டிருந்தாலும், வெடிப்புக் காட்சி வரும் நொடியின் மிகச் சிறு பகுதியில் அதைவிட மிக அதிகமாக அது இழுக்கும். அந்த எகிறலைத் தாங்க வேண்டும் என்றுதான் 2022இல் எஸ்எம்பிஎஸ்களுக்கு ஏடிஎக்ஸ் 3.0 விதியே வந்தது. பழைய எஸ்எம்பிஎஸ் அதைக் கோளாறு என்று எண்ணித் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

காசு செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃபிரேம் வேகத்தை 60இல் கட்டுங்கள். சில கேம்களின் மெனுவில்கூடக் கட்டுப்பாடு இல்லாமல் நூற்றுக்கணக்கான ஃபிரேம் ஓடிக் கார்டைப் பிழிந்தெடுக்கும். இப்படி ஒரு வாரம் கருக்காமல் ஓடினால், கார்டுக்குப் பவர் போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு இருக்க அதிக வாய்ப்பு.

அடுத்து மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டுக்குப் போகும் பவர் கேபிளைப் பாருங்கள். இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை முனையைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். புதிய கார்டுகளின் 16 பின் கேபிளைக் கடைசி வரை அழுத்துங்கள், இடைவெளியே தெரியக் கூடாது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சில இணைப்புகள் உருகியபோது, முழுதாகச் செருகாததே காரணம் என்று என்விடியா சொன்னது.

நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் அதன் கேபிள்களையும் சேர்த்தே மாட்டுங்கள். கழற்றக்கூடிய கேபிள்கள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாற்றிச் செருகினால் டிஸ்க்கும் மதர்போர்டும் சேர்ந்து போய்விடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிர்போகும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் மரங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் பல்லியும் எறும்பும் வெதுவெதுப்புக்கு அதற்குள் போய்விடுவதுண்டு. கருகிய வாடை வந்தால் மறுபடி போட்டுப் பார்க்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.

உப்புக் காற்று

முட்டத்தில் ஒரு நண்பன் வீட்டு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் கடல். இடவப்பாதி மழையும் காற்றும் ஆனி ஆடி முழுக்க அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். அவன் மெஷினைத் திறந்தபோது திருகுகள் எல்லாம் செம்பழுப்பு. ஃபேன் இறகில் இருந்த தூசி ஊதினால் பறக்கவில்லை, உப்பு ஈரத்தில் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டைக் கழற்றி அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். பளபளவென்று இருக்க வேண்டிய வரிசையில் நான்கைந்து பற்கள் மட்டும் மங்கித் திட்டுத் திட்டாக இருந்தன. அவனுக்கு இரண்டாவது வகைக் கருப்பு, வாரத்துக்கு மூன்று முறை.

நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வெளியேற்றினோம். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்சாரத்தைப் போக்கினோம். கார்டின் திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கியை அழுத்தி, நேராக மேலே இழுத்தோம். பற்களை வெள்ளைப் பென்சில் அழிரப்பரால் மெதுவாக, நீளவாக்கில் தேய்த்தோம். துகள் போர்டில் விழாதபடி பற்கள் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டோம். பிறகு 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துக் காயவிட்டோம். ராம்களுக்கும் இதே வேலை. ஃபேனை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். மறுபடி மாட்டும்போது கொக்கி 'கிளிக்' என்று விழுந்ததைக் கேட்டுக்கொண்டோம்.

பஞ்சர் கடைக் கம்ப்ரெசரில் காற்று அடிக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். ப்ளோவர் போட்டாலும் ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். இல்லாவிட்டால் அது கண்மண் தெரியாமல் சுற்றி பேரிங் போகும்.

கடலோரம் இருப்பவர்கள் மெஷினை ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மாதத்தில் ஒரு முறையாவது உள்ளே பாருங்கள். பரீட்சைக்காக ஒரு மாதம் மூடி வைத்திருந்தால், எடுத்தவுடன் கேமில் இறங்காமல் அரை மணி நேரம் சும்மா ஓட விட்டு உள் ஈரத்தைப் போக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு ஒரே வழி பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணையம் செம்புக் கேபிளில் வந்தால் அந்த லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

சூடு

தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் கருக்கிறது, மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் கருக்கிறது என்றால் சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலைகளைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதை ஓட விட்டு ஆடுங்கள், கருத்த பிறகு கடைசி வரியைப் பாருங்கள். கார்டு 80 முதல் 85 டிகிரிக்குள் இருந்தால் பயமில்லை. கார்டு சிப்பின் மிகச் சூடான புள்ளியான ஹாட் ஸ்பாட் 105ஐத் தாண்டினாலோ, புராசசர் 95, 100 என்று நின்றாலோ கவனிக்க வேண்டும். பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஆடிப் பாருங்கள். கருக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. கேபினெட் மேசையின் மூடிய அறைக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். புராசசரின் தெர்மல் பேஸ்ட்டை நீங்களே மாற்றலாம். கார்டைப் பிரிப்பது வாரண்டி முடிந்த பிறகு, பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது.

இன்னும் தீரவில்லை என்றால்

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ராமை ஒவ்வொன்றாக மாட்டி எது என்று கண்டுபிடியுங்கள். புராசசர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை என்றால் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பியுங்கள். அந்தப் புராசசர்கள் சில அதிக வோல்டேஜால் நிலை குலைவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. அந்தக் கோளாறு பல நேரம் கார்டின் மீது பழி விழும்படி வரும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கார்டு. கழற்றி நண்பரின் மெஷினில் மாட்டி, அதே கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். அங்கேயும் கருத்தால் கார்டில்தான் கோளாறு. வாரண்டி இருக்கிறதா என்று பில்லையும் பெட்டியிலுள்ள சீரியல் எண்ணையும் எடுத்து வையுங்கள். பழைய கார்டு வாங்கியவர்களுக்கு அந்தப் பில் பெரும்பாலும் இருக்காது. 2022 செப்டம்பரில் கார்டுகளை ஓட்டி எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் நின்ற பிறகு, இரவும் பகலும் ஓடிய கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன. வாங்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது வீடியோவையும் நோட்டையும் கொண்டுபோங்கள். "திரை கருக்குது" என்று மட்டும் சொன்னால் அவர்களும் ஊகம்தான் செய்ய முடியும். "சத்தம் ஓடும், கேப்ஸ் லாக் எரியும், படம் மட்டும் போகும், தொடங்கி 25 நிமிடத்தில், கேபிளும் டிரைவரும் மாற்றியாச்சு, 75 பவர் லிமிட்டில் வரவில்லை" என்று சொல்லுங்கள். எதை மாற்றினாலும் மாற்றும் முன் விலை கேளுங்கள். பில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.